ஏழு நிறுத்தங்களும் ஒரு பச்சைப் பெட்டியும்

என் கணவன் கேலன் ரொட்டி வண்டி ஓட்டுகிறான். வாரத்தில் ஐந்து நாள் விடியற்காலை நான்கு மணிக்கு எங்கள் ஊர் நார்ஃபோக்கில் உள்ள கிடங்கில் சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்புவான். இருபத்திரண்டு கடைகளில் நின்று நின்று இறக்கிவிட்டு மதியம் வீடு திரும்புவான். ஆகவே விடுமுறைப் பயணம் என்று வந்துவிட்டால் அவனுக்கு ஒரே கொள்கைதான்: நிற்கக் கூடாது. பெட்ரோல் போட ஒரு முறை நிற்பான். யாருக்கு என்ன வேலை இருந்தாலும் அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும். மேற்கே சாட்ரன் ஊருக்குப் பக்கத்தில் அவன் அக்கா ஜனெலின் பண்ணை இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து முந்நூற்று முப்பது மைல். போய் இறங்கியதும் அவன் அக்காவை நலம் விசாரிப்பதற்கு முன்னால் சொல்லும் வார்த்தை, "அஞ்சு மணி நேரம், நாப்பது நிமிஷம்."

பதினான்கு கோடைகளாக இதைக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதினான்கு கேட்கவும் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் போன வருடம் எங்கள் மூத்தவள் ஆட்ரி பாதி வழியில் ஐஸ்கிரீம் டப்பாவில் வாந்தி எடுத்தாள். டப்பாவைக் கழுவக்கூட வண்டி நிற்கவில்லை. வீடு திரும்பியதும், அடுத்த கோடைக்குத் தான் வரப்போவதில்லை, தோழி வீட்டில் தங்கிக்கொள்வதாகச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டேன். பல் டாக்டரிடம் நாள் குறிப்பது போல நிதானமாகச் சொன்னாள். அவளுக்குப் பதினொரு வயது. இந்த வயதில் பின் இருக்கையில் ஓர் இடம் காலியானால் பிறகு அது நிரம்புவதே இல்லை.

வழி காட்டியதும் ஆட்ரிதான். மே மாதம் அவள் வகுப்பை நூலகத்துக்குப் பின்னால் அழைத்துப்போய் ஜியோகேச்சிங் விளையாட விட்டிருந்தார்கள். யாரோ ஒருவர் ஒரு பெட்டியை எங்கோ ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டுவிடுகிறார். மற்றவர்கள் கைப்பேசியில் அந்த எண்களைப் பின்தொடர்ந்து போய்த் தேட வேண்டும். அன்று சாயங்காலம் ஆட்ரி சாப்பாட்டு மேசையில் பேசியதுபோல் அதற்கு முன் ஒரு வருடமாகப் பேசியதில்லை. குழாய்க்குப் பின்னால் கைவிட்டதையும், அங்கே சிலந்தி இருந்ததையும், தன் பெயரை எழுதியதையும் மூச்சுவிடாமல் சொன்னாள்.

அன்று இரவே இணையத்தில் பார்த்தேன். எங்கள் வீட்டிலிருந்து ஜனெல் வீடு வரை, நெடுஞ்சாலைக்கு ஒரு மைலுக்குள் மட்டும், அறுபத்தொரு பெட்டிகள் இருந்தன. பதினான்கு கோடைகளாக அத்தனையையும் தாண்டிப் போயிருக்கிறோம்.

கேலனிடம் மறுநாள் பாத்திரம் துடைக்கும்போது சொன்னேன்.

"வாரம் பூரா நின்னு நின்னுதான் போறேன் நோரீன். லீவுலயாவது ஒரு மனுஷன ஓட விடு."

"ஏழு இடம். ஒவ்வொண்ணும் கால் மணி நேரம்."

"ஏழா? நான் ஏழு தடவ நின்னா ஜனெல் நம்மள செத்துப்போயிட்டோம்னு நினைச்சுக்குவா."

"ஜனெல் அஞ்சு மணிக்குச் சாப்பாடு எடுத்து வைப்பா. அவ வீட்டுக் கடிகாரத்துல அஞ்சுக்கு முன்னாடி கொண்டுபோய்ச் சேத்துட்டா, அடுத்த வருஷம் யெல்லோஸ்டோன் பூங்காவுக்குப் போறது என் திட்டப்படி. சேக்கலன்னா இனிமே நிறுத்துன்னு வாயே திறக்க மாட்டேன்."

கேலன் துணியை மடித்துத் தொங்கவிட்டான். "வேலன்டைன் ஊரத் தாண்டினா நேர மண்டலம் மாறுது, கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வைக்கணும். அந்த ஒரு மணியும் உனக்குச் சும்மா கிடைக்குது, தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கேக்குற. சரி."

ஆட்ரியிடம் பந்தயத்தைச் சொல்லவில்லை. "இந்த ஒரு தடவை வா, பிடிக்கலைன்னா அடுத்த வருஷம் உன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னேன். அவள் தோளைக் குலுக்கினாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு இரண்டு வாரம் கோடு போட்ட நோட்டும் பென்சிலுமாகச் சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். முதலில், தேடுவது எவ்வளவு கடினம் என்று ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பு கொடுத்திருக்கிறார்கள். ஒன்றரைக்கு மேல் இருந்ததையெல்லாம் அடித்தேன். விரல் நகம் அளவுக் குப்பிகளையும் அடித்தேன், ஏனென்றால் சின்னவள் ஹேடிக்கு ஆறு வயது, பெட்டிக்குள் பொம்மை இருந்தால்தான் அவளுக்கு அது பெட்டி. கடைசியாகத் தேடியவர்கள் "கிடைக்கவில்லை" என்று எழுதியிருந்தவை போயின. ஒரு மாதமாக யாரும் எட்டிப்பார்க்காதவையும் போயின. மேற்கே போகும்போது இடது பக்கம் வருபவற்றை அடிக்க எனக்குத் தோன்றவில்லை. அதைப் பற்றிப் பிறகு கேலனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கழிப்பறை இருக்கும் இடங்களுக்கு நட்சத்திரம் போட்டேன். கடைசியில் ஏழு மிஞ்சின. ஒன்பதரைக்குக் கிளம்பினால் ஐந்தரை மணி நேர ஓட்டம், ஏழு நிறுத்தம், சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஜனெல் வீட்டுக் கடிகாரத்தில் நான்கரை. அரை மணி கையிருப்பு.

பெட்டியிலிருந்து ஏதாவது எடுத்தால் அதற்குச் சமமாகவோ மேலாகவோ ஒன்றை வைக்க வேண்டும். அதற்காகக் கோலிக்குண்டு, புதுப் பென்சில், ரப்பர் டைனோசர் எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டேன். ஹேடி பின்னங்கால் உடைந்த பிளாஸ்டிக் குதிரையைக் கொண்டுவந்து அதில் போட்டாள்.

"இது சமம் இல்லடி," என்றாள் ஆட்ரி.

"மூணு கால் இருக்குல்ல. எறும்புக்கு இது பெருசுதான்."

"பெட்டியத் திறக்கப்போறது எறும்பா?"

சனிக்கிழமை ஒன்பதரைக்கு வேன் கிளம்பியது. ஊர் எல்லை தாண்டியதும் நோட்டைப் பிரித்து விதிகளை வாசித்தேன். தேடும்போது வேறு யாராவது வந்தால் வேறு வேலை செய்வதுபோல் நடிக்க வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுத வேண்டும். எழுதியபின் பெட்டியை எடுத்த இடத்திலேயே, எடுத்தபடியே வைக்க வேண்டும். கேலன் ரேடியோவில் பேஸ்பால் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தான். எதிரே வரும் ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை வணக்கமாகத் தூக்கினான்.

"கேட்டியா கேலன்?"

"கேட்டேன், கேட்டேன்," என்றான். ரேடியோவில் யாரோ ஓடி எல்லையைத் தொட்டார்கள்.

முதல் நிறுத்தம் நீலை ஊரில், பூங்காவின் ஓரம். கேலன் வண்டியை அணைக்கவே இல்லை. நானும் பெண்களும் ஓடிப்போய் வேலிக்கம்பத்துக்கு அடியில் ஊறுகாய்ப் பாட்டிலைக் கண்டுபிடித்து, பெயர் எழுதி, வைத்துவிட்டு வந்தோம். பதினைந்து நிமிடம், நோட்டில் போட்டபடியே.

இரண்டாவதில்தான் அடி விழுந்தது. ஓநீலில் பெட்டி ஒரு பெஞ்சுக்குக் கீழே ஒட்டியிருந்தது. அந்த பெஞ்சின்மேல் இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்து மழை பெய்யுமா என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். நானும் பெண்களும் ஒரு மரத்தை ஆராய்ச்சி செய்வதுபோல் நின்றோம். மரத்தை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? கேலன் கடைசியில் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான்.

"என்னாச்சு?"

"மெதுவாப் பேசு. அவங்க எழுந்திரிக்கணும்."

அவன் நேராகப் போய், "வணக்கம்ங்க, மழை வருமா?" என்றான். இருவரும் நகர்ந்து அவனுக்கு இடம் கொடுத்தார்கள். இப்போது பெஞ்சில் மூன்று பேர். ஆட்ரி மரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்ததில் அவள் முதுகு குலுங்கியது. அவர்கள் எழுந்து போக முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. கால் மணி நேரத்துக்குப் போட்ட இடத்தில் முப்பத்தைந்து. என் கையிருப்பில் இருபது நிமிடம் போனது. ஆனால் வண்டியில் ஏறியதும் கேலன் ரேடியோவைப் போடவில்லை. "பெஞ்சுக்கு அடியில காந்தம் வச்சு ஒட்டியிருக்கான். கெட்டிக்காரன்," என்றான்.

மூன்றாவது, எய்ன்ஸ்வொர்த்துக்கு முன்னால் வரும் சாலையோர ஓய்விடம். நட்சத்திரம் போட்ட இடம். ஹேடிக்கு அவசரம், ஆட்ரிக்கும். அவர்களைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகும்போது, "இதப் புடி, அம்புக்குறி எங்க போகுதுன்னு பாத்து வை" என்று கைப்பேசியை கேலனிடம் கொடுத்தேன். வெளியே வரும்போது அவன் வேனின் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தான். முழங்காலில் மண். முகத்தில், இருபத்திரண்டு கடையும் நேரத்துக்கு முன்னால் முடித்த நாளில் வரும் அந்தப் பிரகாசம்.

"கிடைச்சிருச்சு. பேரும் எழுதிட்டேன். ஏறுங்க."

"எங்களுக்குக் காட்டவே இல்ல," என்றாள் ஆட்ரி.

"ஆறு நிமிஷம். இப்ப காட்டிட்டிருந்தா பத்தாயிரும். ஜனெல் வீட்டுல சொல்றேன், பெரிய கதை."

ஆட்ரிக்கு முகம் சுருங்கியது. எனக்கோ மனதுக்குள் மேளம். விழுந்த இருபதில் ஒன்பது நிமிடம் திரும்பக் கிடைத்தது என்பதற்காக மட்டும் இல்லை. அவனாக இறங்கி, அவனாகத் தேடியிருக்கிறான். ஆனால் அடுத்த ஊரில் பெட்ரோல் பங்க்கில் வரிசை நின்றதில் அந்த ஒன்பதும் போய்விட்டது.

நான்காவது வேலன்டைனில், பாலத்துக்கு முன்னால். அதை கேலனே முன்னால் நடந்து போய்க் கண்டுபிடித்தான். சின்னப் பிளாஸ்டிக் டப்பா. அதை ஹேடி திறக்கும்போது அவன் மேலிருந்து பார்த்து, கொஞ்சம் இளக்காரமாக, "இவ்வளவுதானா?" என்றான். ஹேடி குதிரையை வைத்துவிட்டு ஒரு விசிலை எடுத்தாள். ஆட்ரி தன் பங்குக்கு ஒரு டைனோசரைக் குதிரைக்குத் துணையாக வைத்து டப்பாவை மூடி, அதன் இடத்தில் சொருகினாள்.

கேலன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"ஏன் திரும்ப வைக்கிற?"

"வைக்கணும்ப்பா."

"சின்னதா இருக்குன்னா?"

ஆட்ரி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கேலனைப் பார்த்தேன்.

அவன் நடந்துபோய் வேனின் பின்கதவைத் திறந்தான். இறைச்சி அடைத்த ரன்ஸா ரொட்டி வைத்திருந்த குளிர்பெட்டிக்கும் என் துணிப்பைக்கும் நடுவில், என் மழைக்கோட்டால் மூடி, பட்டாளத்தில் தோட்டா வைக்கும் பச்சை நிற இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. இரண்டு ரொட்டி நீளம்.

"அப்பா, பெட்டிய எடுக்கக் கூடாது."

"பின்ன எதுக்கு ஒளிச்சு வைக்கிறாங்க?"

"தேடுறதுக்கு."

"தேடிக் கண்டுபிடிச்சுட்டேனே."

"கண்டுபிடிச்சுட்டு அங்கயே வைக்கணும். அடுத்தவங்க தேடணும்ல. அம்மா வாசிச்சாங்க."

கேலன் பெட்டியைத் திறந்தான். ஸ்டிக்கர்கள், கோலிகள், ஒரு சாவிக்கொத்து, சுருட்டி வைத்த வரைபடம், அடியில் தடிமனான நோட்டு. அவன் கடைசிப் பக்கத்தில் மட்டும் பெயர் எழுதியிருந்தான். இப்போதுதான் முதல் பக்கத்தைப் புரட்டினான். ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி. அதன் கீழே பெரிய எழுத்தில், "தயவுசெய்து என்னை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்."

கேலனுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஜாதி மனிதர்களைத்தான் பிடிக்காது. ரொட்டி ட்ரேயை எடுத்துக்கொண்டு போகிறவர்கள். கடைக்குப் பின்னால் அடுக்கி வைத்தால், நாய்க்குட்டி படுக்க, பூட்ஸ் காயவைக்க, தக்காளி நாற்று நட என்று எடுத்துப்போய்விடுவார்கள். ஓடும் வழியில் யார் வீட்டுத் தாழ்வாரத்திலாவது நீல ட்ரே தெரிந்தால் ஹாரன் அடிப்பான். இது எங்கள் நால்வருக்கும் தெரியும்.

"அப்பா ட்ரே திருடிட்டாரு," என்றாள் ஹேடி.

கேலன் பெட்டியை மூடினான்.

மணி இரண்டு. திரும்பிப்போக நாற்பத்தாறு மைல், மறுபடி இங்கே வர நாற்பத்தாறு. என் கையிருப்பு பத்து நிமிடம். நான் உத்தமி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். யெல்லோஸ்டோன் என் கண்முன் நின்றது, பின் இருக்கையில் காலி இடமும் நின்றது.

"ஜனெல் ஊர்லயும் தபாலாபீஸ் இருக்கு. ஒளிச்சு வச்சவங்களுக்குச் செய்தி அனுப்பி, விலாசம் வாங்கி, திங்கட்கிழமை ஜனெல அனுப்பச் சொல்லிரலாம்," என்றேன்.

"ட்ரே எடுத்தவன் தபால்ல அனுப்புறேன்னா நான் சும்மா விடுவேனா?"

"பந்தயத்துல நீ ஜெயிச்சுருவ கேலன்."

"தெரியும்." அவன் சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தான். "ஏறு."

"என்ன பந்தயம்?" என்றாள் ஆட்ரி.

வண்டி கிழக்கே திரும்பியதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் வாந்தியும், தோழி வீடும், யெல்லோஸ்டோனும். அவள் கேட்டது என்னிடம் இல்லை. "அப்பா, நீங்க இதுக்கு முன்னாடி எப்பவாவது வண்டியத் திருப்பியிருக்கீங்களா?"

"ஹேடி பொறந்தப்ப. உங்கம்மாவோட பைய வீட்டுலயே விட்டுட்டேன்."

"அதுவும் நான் பாதி வழியில அழுததுக்கு அப்புறம்தான்," என்றேன்.

ஓய்விடத்தில் ஒரு பழைய பிக்கப் லாரி நின்றிருந்தது. காட்டன்வுட் மரத்தடியில் அறுபது வயதுப் பெண்மணி ஒருவர் முழங்காலிட்டு, வேருக்கு அடியில் குச்சியால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாம்பல் நிற நாய். அந்தப் பெட்டியை ஒளித்துவைத்தவர் அவர்தான். எங்களுக்குப் பின்னால் தேட வந்த யாரோ 'பெட்டி இல்லை' என்று இணையத்தில் எழுதிவிட்டார்களாம். அது அவர் கைப்பேசிக்கு வந்திருக்கிறது.

கேலன் தொப்பியைக் கழற்றினான். பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு புல்லில் நடந்து போனான். நாங்கள் நாலடி பின்னால்.

"நான்தாங்க எடுத்தேன்," என்றான். பிறகு, அதற்கும் இதற்கும் என்ன தொடர்போ, "நான் ரொட்டி வண்டி ஓட்டுறேன்," என்றான்.

"ரொட்டி கேக்கலயே நான்." அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "எதுவரைக்கும் போச்சு?"

"வேலன்டைன்."

"பரவாயில்ல. போன வருஷம் ஒருத்தர் டென்வர் வரைக்கும் கொண்டுபோயிட்டாரு. தபால்ல வந்துச்சு, கோலியெல்லாம் உடைஞ்சு." அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். "திருப்பி ஓட்டிக்கிட்டு வந்த ஆள் நீதான் தம்பி மொதல்ல. நான் மர்லா."

கேலனுக்குக் காது சிவந்தது. "எங்க வைக்கட்டும்?"

"எடுத்தவனுக்குத்தான் தெரியும்."

தெரிந்திருந்தது. வேர் இரண்டாகப் பிரியும் இடத்தில், கைப்பிடி சாலைப் பக்கம் பார்க்க, தாழ்ப்பாள் உள்பக்கம், மேலே தட்டைக் கல், அதற்கு மேல் இரண்டு பட்டைத் துண்டு. கடை அலமாரியில் ரொட்டியை முகம் பார்க்க அடுக்குகிற மாதிரி ஒவ்வொன்றையும் ஒரு விரல் அகலம் நகர்த்திச் சரிசெய்தான். மர்லா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். "நான் வச்சதவிட நல்லாருக்கு," என்றார்.

"இருங்க. நாங்க இன்னும் தேடவே இல்ல," என்றாள் ஆட்ரி.

ஆகவே எல்லோரும் வேனுக்குப் போய்த் திரும்பி நின்று இருபதுவரை எண்ணினோம். பெண்கள் இருவரும், வைத்ததைத் தங்கள் கண்ணாலேயே பார்த்த பெட்டியை, அந்த ஓய்விடம் முழுக்க ஓடித் தேடினார்கள். நாயும் தேடியது. ஹேடி குப்பைத்தொட்டிக்குப் பின்னால்கூடப் பார்த்தாள். கண்டுபிடித்ததும் ஆட்ரி நோட்டைத் தரையில் விரித்துப் பெயர் எழுதினாள். பிறகு கேலன் அதை வாங்கி, தன் பழைய கையெழுத்துக்குக் கீழே நேரம் போட்டு, பொடி எழுத்தில் எழுதினான்: "12:45-க்கு எடுத்தேன். தெரியாமல் எடுத்தது. 2:50-க்கு எடுத்த இடத்தில் வைத்தேன். பொருள் எதுவும் குறையவில்லை. ரொட்டி வண்டிக் குடும்பம், நால்வர்." எங்கள் குழுவுக்குப் பெயர் வைக்க நான் இரண்டு வாரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மர்லா பிக்கப்பில் ஏறும்போது என் நோட்டில் ஏழு இடங்களையும் பார்த்தார். ஆறாவதைச் சுட்டி, "இது வேலி தாண்டி இருக்கு, மாடு நிக்கும். ரெண்டு மைல் தள்ளி இன்னொண்ணு இருக்கு, அதுக்குப் போங்க," என்றார்.

அவர் போனதும் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். "நேரா ஜனெல் வீட்டுக்கே போயிரலாம் கேலன். இனிமே நின்னு என்ன ஆகப்போகுது?"

"இன்னும் மூணு இருக்கே."

"அஞ்சு மணி சாப்பாடு போச்சு."

"கடைய விட்டுட்டு எப்படிப் போறது?" என்றான், உண்மையிலேயே புரியாமல். "லிஸ்ட்ல இருக்குல்ல?"

மூன்றிலும் நின்றோம். ஐந்தாவதில் வண்டியை அணைத்து, சாவியை ஆட்ரியிடம் கொடுத்தான். பழைய ஆறாவதைத் தாண்டும்போது வேலிக்கு அந்தப் பக்கம் நிஜமாகவே மாடு நின்றது; மர்லா சொன்ன இடத்துக்குப் போனோம். ஆட்ரிக்கு ஒரு இடத்திலும் குமட்டவில்லை. அவள் முன்னிருக்கையில் என் இடத்தில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்து, "நானூறு அடி, அப்பா. முன்னூறு. மெதுவா, மெதுவா," என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஜனெல் வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஆறு ஐம்பது காட்டியது. பன்றித்தொடைக் கறியும் உருளைக்கிழங்கும் அலுமினியத் தாளுக்குள் இருந்தன. ஜனெல் வாசலில் நின்று, "வழியில குடியேறிட்டீங்களா?" என்றாள்.

கேலன் அக்காவைக் கட்டிப்பிடித்தான். பிறகு மேசையில் உட்கார்ந்து என் நோட்டைக் கேட்டு வாங்கி, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். திரும்பிப்போனது, மர்லாவிடம் நின்றது, மறுபடி வந்தது. கூட்டினான். இரண்டு மணி நேரம். ஆறு ஐம்பதிலிருந்து கழித்தான்.

"நாலு அம்பது," என்றான்.

"அப்படிக் கழிக்கக் கூடாது. நான் தோத்துட்டேன்," என்றேன்.

"கடைக்குச் சரக்கு லேட்டாப் போனா ரூட்டையா குறை சொல்லுவாங்க? டிரைவரத்தான். ரூட் போட்டது நீ, சரியாத்தான் போட்டிருக்க." நோட்டை மறுபடி பார்த்தான். "ஆனா மூணு எடத்துல, எதிர வர்ற வண்டிக்காகக் காத்திருந்து இடது பக்கம் திரும்ப விட்டிருக்க. அதுலயே பன்னெண்டு நிமிஷம் போச்சு. எப்பவும் வலது பக்கமாப் போடணும் நோரீன். இதுகூடத் தெரியாம எப்படி என்கூட பதினாலு வருஷம் இருந்த?"

ஜனெல் தட்டுகளை வைத்தாள். ஹேடி விசிலை ஊத, நான் அதைப் பிடுங்கினேன். ஆட்ரி உருளைக்கிழங்கை அள்ளிப் போட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்:

"யெல்லோஸ்டோனுக்கு எத்தனை இடம்ப்பா?"

"இருபத்திரண்டு," என்றான் கேலன். "அதுக்கு மேல எனக்குப் பழக்கமில்ல."